பூட்டு இரண்டு வகை

பூட்டைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டு. பூட்டுக்கு வெளியே நின்று பழகியவர்கள் நாம். கோயில் வாசல், அதைச் சுற்றிய தெரு, கிணறு, குளம், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் என்று சாதி போட்ட பூட்டுகளின் வரலாற்றை யாராவது எழுதினால் அது பெருமளவுக்கு நம்முடைய வரலாறாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களில் ஒருவன், 'எனக்கு ஒரு பூட்டு வேண்டும், அதன் சாவி என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும்' என்று கேட்டால் முரணாகத் தோன்றலாம். நான் அப்படித்தான் கேட்கிறேன். அதில் முரண் இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

விஷயம் பார்வைக்குச் சின்னது. குடியிருப்பு சுசீந்திரம். வேலை நாகர்கோவிலில் ஒரு தனியார் அலுவலகம்; பேர் வேண்டாம். இன்றைக்கு ஒரு சாதாரணச் சம்பளக்காரனுக்கே பாஸ்வேர்ட் இருபது முப்பது சேர்ந்துவிடுகிறது. பேங்க், பி.எஃப்., மின்கட்டணம், ஆதார், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் - எல்லாவற்றுக்கும் ஒரு சொல். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஒன்று போனால் எல்லாம் போகும். தனித்தனியாக வைத்தால் ஞாபகம் நிற்காது. அதற்காக வந்ததுதான் பாஸ்வேர்ட் மேனேஜர். எல்லாச் சொற்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு ஒரே ஒரு பெரிய சொல்லால் பூட்டி வைப்பது. கீபாஸ், பிட்வார்டன் என்று காசில்லாமலே கிடைப்பவையும் உண்டு.

பெட்டி ஒன்றுதான், ஆனால் போனில், வீட்டுக் கம்ப்யூட்டரில், அலுவலகக் கம்ப்யூட்டரில் என்று மூன்று இடத்தில் அது தேவைப்படுகிறது. ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடத்திலும் மாற வேண்டும். அதைத்தான் சிங்க் ஆவது என்கிறார்கள். என் போனிலும் வீட்டிலும் அது ஆகிறது. அலுவலகத்தில் ஆகவில்லை. அங்கே ஃபயர்வால் அந்த முகவரியை மறித்து வைத்திருக்கிறது. பென்டிரைவ் செருகினாலும் எடுக்காது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று மேலே இருப்பவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "ஆபீஸ் நெட்ல உனக்கு என்னடே ரகசியம்?"

அவர் எல்லோரையும் 'டே' போட்டுப் பேசுகிறவர் அல்ல. யாரை 'சார்' என்பது, யாரை 'டே' என்பது என்பதில் அவருக்குக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும். அவர் கேட்ட கேள்வி உண்மையில் ஒரு தத்துவக் கேள்வி. உனக்கு என்ன ரகசியம்? மறைத்து வைக்க உன்னிடம் என்ன இருக்கிறது? மறைக்கும் உரிமை உனக்கு யார் கொடுத்தது?

இந்த மண்ணில் மறைக்கும் உரிமை ஒருநாளும் பொதுவாக இருந்ததில்லை. பெண்கள் தங்கள் மார்பை மறைப்பதே இங்கே சாதி ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயமாக இருந்தது. தோள்சீலைக் கலகம் நடந்தது இந்தக் குமரி மாவட்டத்தில்தான். அடியும் தீவைப்பும் எல்லாம் கழிந்து 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு அனுமதி தந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தது. 'மறைத்துக்கொள், ஆனால் எங்களைப் போல மறைக்காதே.' அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த எங்கள் பாட்டிமாரின் கதை இன்னும் எழுதப்படவில்லை. அவர்கள் குடிசைக்கு இருந்தது ஓலைத் தட்டி. அதைத் தள்ளிக்கொண்டு எந்நேரமும் வயலுக்குக் கூப்பிட ஆள் வரலாம். தாழ்ப்பாள் போட்ட கதவு என்பதே வசதியைச் சொல்வது அல்ல, அதிகாரத்தைச் சொல்வது. யார் வீட்டுக்குள் யார் கேட்காமல் நுழையலாம் என்பதுதான் சாதி.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். படித்தவர்கள் அதை ஆதார் பிரச்சினையாகப் பார்த்தார்கள். நான் அதைத் தோள்சீலையின் தொடர்ச்சியாகப் பார்க்கிறேன். உடம்பை மூடும் துணிக்கும் பெட்டியை மூடும் சொல்லுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: என்னுடையது எதுவரை?

இப்போது மறுபக்கக் கேள்விக்கு வருவோம். கதவைத் திற என்று போராடியவர்கள் நாம். சுசீந்திரத்திலேயே அந்தப் போராட்டம் நடந்தது. வைக்கம் சத்தியாக்கிரகம் 1924-25இல் நடந்து முடிந்தது. அடுத்து 1926இல் இங்கே தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். கேட்டது கோயிலுக்குள் நுழைய அல்ல, தெருவில் நடக்க. கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப் பூட்டைத் திறக்கச் சொன்னவர்கள் இன்று பூட்டு கேட்கலாமா?

கேட்கலாம். ஏனென்றால் பூட்டு இரண்டு வகை. பொதுவானதைச் சிலருக்கு மட்டும் ஆக்குகிற பூட்டு ஒன்று. ஒருவருக்கு உரியதைப் பிறர் கையாடாமல் காக்கிற பூட்டு இன்னொன்று. அம்பேத்கர் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் லீவு என்றால் அன்றைக்குத் தாகம்தான். அந்தக் குழாய்க்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் அது பூட்டிய குழாய். அது முதல் வகை. சிறுவன் பீமராவின் பையில் ஒரு நோட்டு இருந்திருந்தால், அதை எவனும் கேட்காமல் புரட்டக் கூடாது என்பது இரண்டாம் வகை. முதல் வகையை உடைப்பதும் இரண்டாம் வகையைக் காப்பதும் ஒரே நீதியின் இரண்டு வேலைகள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு அளவுகோல் இருக்கிறது. 1883இல் கெர்க்கோஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசிய எழுத்து பற்றி எழுதும்போது ஒரு விதி சொன்னார். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது எதிரிக்கே தெரிந்தாலும் கெடுதல் வரக் கூடாது. ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே. இன்றைய பூட்டு விஞ்ஞானம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. கீபாஸ், பிட்வார்டன் இவற்றின் நிரல் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கத் திறந்து கிடக்கிறது. பார்ப்பனியம் இதைத் தலைகீழாக வைத்திருந்தது. அங்கே வழிமுறையே ரகசியம். மந்திரம் காதில் விழுந்தாலே குற்றம். சாவி யாரிடம் என்பது மட்டும் பிறப்பிலேயே ஊருக்கெல்லாம் தெரியும். வழிமுறை எல்லோருக்கும், சாவி அவரவருக்கு என்றால் அது நியாயமான பூட்டு. வழிமுறை சிலருக்கு, சாவி பரம்பரைக்கு என்றால் அது சாதிப் பூட்டு.

அலுவலகத்தின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பரவியபோது பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. ஒரு மெஷினில் நுழைந்தது எல்லா மெஷினுக்கும் போகும். ஆகவே ஒரு நிறுவனம் தன் நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்துவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்கு வேண்டிய அளவுக்கே ஒருவருக்கு வழி திறப்பது என்பது நல்ல விதிதான். ஆனால் அது வேலையைப் பார்த்து மாற வேண்டும், ஆளைப் பார்த்து மாறக் கூடாது. எங்கள் இடத்தில் மேல் மாடியில் எல்லாம் திறக்கிறது. நடு மாடியில் பாதி திறக்கிறது. கான்ட்ராக்டில் வந்தவர்களுக்கு ஒன்றுமே திறப்பதில்லை. எந்த மாடியில் எந்தச் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது ஃபயர்வாலுக்குள்ளும் புகுந்துவிட்டது தெரியும்.

இதில் உண்மையாகப் பாதிக்கப்படுவது நான் அல்ல. கான்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி பார்க்கும் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி. அவளுக்கென்று ஒரு லாகின் கொடுத்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்ட் மேஜைக்கு மேல் சீட்டில் ஒட்டியிருக்கிறது. 'அவசரத்துக்கு வேணும்லா' என்று சொல்லி மேலதிகாரி ஒட்டச் சொன்னது. யார் வேண்டுமானாலும் அவள் பேரில் உள்ளே போகலாம். ஒருநாள் ஒரு கணக்கில் தொகை மாறியிருந்தது. லாக்கில் அவள் பேர். அந்த நேரத்தில் அவள் கேன்டீனில் இருந்தாள் என்று சொல்ல நாலு பேர் உண்டு. ஆனால் எழுதி வைத்தது மெஷின் அல்லவா? "எனக்க பேரு இருக்கு, ஆனா எனக்க கை இல்லியே அண்ணே" என்றாள். வேலை போயிற்று.

வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு வேண்டிய தொகையை எழுதிக்கொள்ளும் வட்டிக்காரனை நமக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட் என்பது அந்தக் கைநாட்டுத்தான். சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன் சுத்தத்தை நிரூபிக்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நிறுத்தப்பட்டது. நெய்க்கு யார் கை என்பது தெரியாது, வேகவைக்கத்தான் தெரியும். சாவி தன்னிடம் இல்லாதவளுக்கு லாக்கும் அப்படித்தான். ரகசியம் என்பது இங்கே ஒளித்து வைப்பதற்கு அல்ல. செய்ததற்குப் பொறுப்பேற்கவும் செய்யாததற்கு மறுக்கவும் ஒரு மனிதருக்கு வேண்டிய குறைந்தபட்சத் தரை அது.

இனி, என்ன செய்வது? சில இளைஞர்கள் வி.பி.என். போட்டு அந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்கிறார்கள். தாண்டலாம். அவர்களை நான் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பரோடாவில் தங்க இடம் கிடைக்காத அம்பேத்கர் பார்சிப் பேரில் ஒரு விடுதியில் தங்கினார். அதில் குற்றம் அவருடையது அல்ல, அவருக்கு இடம் தராத ஊருடையது. ஆனால் பேரை மாற்றிக் கிடைத்த இடம் அவருக்கு நிலைக்கவில்லை. கம்போடு வந்து வெளியேற்றினார்கள். மறைந்து போகிறவன் பிடிபட்டால் அவனுக்கு மெமோ, நமக்கு டிஸ்மிஸ். 1926இல் தெருவில் நடந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவில்லை.

ஆகவே நான் செய்வது இதுதான். பெட்டி என் போனில், என் காசு போட்ட டேட்டாவில் சிங்க் ஆகிறது. அலுவலகத்தில் தேவைப்பட்டால் போனைப் பார்த்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கிறேன். டவர் இல்லாவிட்டாலும் ஏற்கெனவே சிங்க் ஆனதைப் போனில் பார்க்க முடியும். பெட்டியைத் திறக்கும் பெரிய சொல்லை அலுவலக மெஷினில் ஒருநாளும் அடிப்பதில்லை. பெட்டி வெளியே கிளம்பும் முன்பே பூட்டப்பட்டுவிடுவதால் வழியில் எவன் மறித்துப் பார்த்தாலும் அவனுக்குப் புரியாது. ஆனால் நான் தட்டும் மெஷினே இன்னொருவனுடையது என்றால், தட்டுவதையே அவன் பார்க்கலாம். 'நெலம் உனக்க, நெல்லு எனக்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்குப் பாட்டம் அளக்கிற அன்றைக்குத்தான் தெரியும் நெல்லு யாருக்கு என்று.

பெட்டி விற்கிற கம்பெனியையும் கண்ணை மூடி நம்ப வேண்டியதில்லை. 2022இல் லாஸ்ட்பாஸ் கம்பெனியிடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடு போயின. அப்போது பலவீனமான பெரிய சொல் வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். நமக்கு ஒன்று ஆனால் நம் பி.எஃப். பணத்துக்காகப் பெண்டாட்டி பிள்ளைகள் இன்னொருவன் வாசலில் நிற்கக் கூடாது.

ஆனால் தனியாள் தந்திரத்தோடு இது முடியாது. எங்கள் சங்கத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எது மறிக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு, ஏன் என்பதை எல்லோரும் படிக்கும் பலகையில் எழுதிப் போட வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனி லாகின், அதன் சொல் அவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டும். அலுவலகச் சொற்களை வைக்க அலுவலகமே ஒரு பெட்டி தர வேண்டும், மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் ஒரே மாதிரி. நாலாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: அந்தப் பிள்ளையின் வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும், மேஜை மேல் ஒட்டியிருந்த அந்தச் சீட்டையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு.