கழுத்தில் தொங்கும் மூதாதை

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கல்லிலும் எலும்பிலும் செதுக்கி அணியும் பதக்கங்களில் தலையாயது ஹெய்-டிகி. ‘ஹெய்’ கழுத்தில் அணிவதையும் ‘டிகி’ மனித உருவையும் குறிக்கும் சொற்கள். சாய்ந்த பெரிய தலை, வட்டக் கண்கள், தொடையில் ஊன்றிய கைகள், மடக்கிய கால்கள் கொண்ட இந்தச் சிற்றுருவம் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண்களில் பாவா சிப்பி பதிப்பார்கள். ஐரோப்பியர் வந்த பிறகு சிவப்பு அரக்கும் பதித்தார்கள். பல ஹெய்-டிகிகளுக்குத் தனிப்பெயர் உண்டு. அணிந்தவர் இறந்தால் உடலோடு புதைத்து, பின்னாளில் எலும்புகளை எடுத்து மறு அடக்கம் செய்யும்போது பதக்கத்தை மீட்டு, அடுத்த தலைமுறைக்கு அணிவிப்பதும் உண்டு. பழைய பதக்கங்கள் சிலவற்றின் தலைமாட்டில் இரண்டு துளைகள் தெரியும். முதல் துளை கயிறு உரசி உரசி விளிம்பு அறுந்து போயிருக்கும். பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று போட்டிருப்பார்கள். நார்க்கயிறு கல்லை அறுப்பதற்கு எத்தனை பேரின் ஆயுள் கழிந்திருக்க வேண்டும்!

இத்தகைய பொருளின் நகல்கள் இன்று நினைவுப்பொருள் கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த வம்சத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவர் அதை அணியலாமா, அந்த வடிவத்தைச் செய்து விற்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன் பதக்கம் எதனால் ஆனது என்று அறிய வேண்டும்.

பொனாமு என்று மாவோரிகள் அழைக்கும் பச்சைக்கல் தென்தீவில் மட்டுமே கிடைக்கிறது. அந்தத் தீவுக்கே ‘தே வாய் பொனாமு’ என்று பெயர். நிலவியலாளர்கள் இதைப் பெரும்பாலும் நெஃப்ரைட் என்பார்கள். மாவோரிகளோ நிறத்தையும் ஒளியையும் பார்த்து வகை பிரிக்கிறார்கள்: வெளிறிய கல் இனங்கா, கரும்பச்சை கவாகவா, ஒளி ஊடுருவும் தூய பச்சை கஹுரங்கி. கண்ணீர் என்று பொருள்படும் தங்கிவாய், வேதியியல்படி போவெனைட் என்ற வேறு கல். பொவுதினி என்ற நீர்ப்பூதம் வைதைக்கி என்ற பெண்ணைக் கவர்ந்து சென்றது. கணவன் துரத்தி நெருங்கியபோது அராஹுரா ஆற்றில் அவளைப் பச்சைக்கல்லாக மாற்றியது என்பது தென்தீவின் மேற்குக் கரையின் மரபுக்கதை. அந்தக் கதையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஆற்றிலிருந்து கல் எடுப்பது ஓர் உறவினளைக் கைப்பிடித்து அழைத்து வருவதைப் போன்றது.

நெஃப்ரைட்டின் உள்ளே இழைகள் பின்னிக் கிடப்பதால் அது எளிதில் சில்லாகப் பெயராது. மணற்கல்லும் நீரும் கொண்டு நாள்கணக்கில், மாதக்கணக்கில் தேய்க்க வேண்டும். கயிறு சுற்றி இழுத்துச் சுழற்றும் கருவியால் துளை போட வேண்டும். இந்த உழைப்பும் சேர்ந்துதான் பதக்கத்துக்கு மதிப்பைத் தந்தது. திமிங்கில எலும்பும் பல்லும் அதே மதிப்புடையவை. கடல் பாலூட்டிகளைக் காக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, கரை ஒதுங்கி இறந்த திமிங்கிலங்களின் எலும்புகள் அந்தந்தக் குலங்களுக்கு வழங்கப்படுகின்றன. கடைகளில் விற்கும் எலும்புப் பதக்கங்கள் பெரும்பாலும் மாட்டெலும்பால் ஆனவை. அதை மறைக்காமல் சொல்லி விற்றால் அதில் குறையேதும் இல்லை.

எல்லா வடிவங்களுக்கும் ஒரே முக்கியத்துவம் இல்லை. தூண்டில் வடிவமான ஹெய்-மாதாவு, பாட்டியின் தாடை எலும்பைத் தூண்டிலாக்கி வடதீவையே கடலிலிருந்து இழுத்த புராண நாயகன் மாவுயியை நினைவூட்டுவது. விரியும் பெரணிக் குருத்தான கோரு புது உயிரைக் குறிப்பது. முறுக்குப் பதக்கம் தொன்மையானதென்று விற்கப்பட்டாலும் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இவற்றைப் பிறர் அணிவதில் நெருடல் குறைவு. ஹெய்-டிகியோ மூதாதையின் உருவம். அதற்குத் தனிக் கவனம் தேவை.

மாவோரிகளே இவற்றை விற்றார்களே என்ற வாதம் வலுவானது. இரும்பு வந்ததும் பயனற்றுப்போன கல் வாய்ச்சிகளை ஹெய்-டிகிகளாக மாற்றி, 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஐரோப்பியருக்கு விற்றது உண்மை. ஆனால் அது செய்தவரே விலை பேசி விற்ற வணிகம். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பட்டறைகள் நியூசிலாந்துக் கல்லில் ஹெய்-டிகிகளை வெட்டித் தள்ளத் தொடங்கியபோது, செய்தவரின் சம்மதம் என்பது அறுந்துபோனது. பிறகு பிளாஸ்டிக் டிகிகள் விமானப் பயணிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. ஒருவரின் பாட்டன் உருவைக் குழந்தைப் பொம்மையாக்கிக் கொடுப்பதற்கு ஒப்பான செயல் அது. கொடுத்தவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை என்பது காயத்தை ஆற்றிவிடாது.

கலை எப்போதும் கைமாறித்தான் வளர்கிறது, வடிவத்துக்கு வேலி போட முடியாது என்பது அடுத்த வாதம். அது சரிதான், மாவோரிச் சிற்பிகளே வைர ரம்பத்தையும் மின்துளைப்பானையும் தயங்காமல் ஏற்றவர்கள். தவறு கடன் வாங்குவதில் இல்லை, கடன் வாங்கியதை மறைப்பதில் இருக்கிறது. வெளிநாட்டுப் பச்சைக்கல்லை எந்திரத்தில் வெட்டி, ‘வலிமை’, ‘நட்பு’ என்று ஒற்றைச் சொல் பொருள் அச்சிட்ட அட்டையோடு மாவோரிப் பதக்கம் என விற்பவர் வாங்குபவரையும் ஏமாற்றுகிறார், அந்த வம்சத்தின் பெயரையும் திருடுகிறார்.

சட்டம் இதில் பாதி தூரமே வந்திருக்கிறது. மேற்குக் கரையின் பெருநிலப்பரப்பு 1860இல் 300 பவுண்டுக்கு அரசுக்குக் கைமாறியது. அங்குள்ள பொனாமுவின் உரிமை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ங்காய் தாஹு குலத்துக்குத் திரும்பியது. கல்லுக்கு உரிமையாளர் கிடைத்தார், வடிவத்துக்குக் கிடைக்கவில்லை. காப்புரிமை தனிப்பட்ட படைப்பாளியைத் தேடுகிறது; ஹெய்-டிகிக்கு அப்படி ஒருவர் இல்லை. 1991இல் தொடுக்கப்பட்ட வை 262 வழக்கில், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2011இல் அளித்த அறிக்கை, மரபு வடிவங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அவற்றின் காவலர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

பொனாமுவைத் தனக்கென்று தானே வாங்கக் கூடாது, பிறர் தந்தே பெற வேண்டும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. பதக்கம் விற்றுப் பிழைக்கும் மாவோரிச் சிற்பிகள் சிலர் இதை வலியுறுத்துவதில்லை. வெளியார் வாங்குவதை அவர்கள் வரவேற்கவும் செய்கிறார்கள். எனவே அணிவது குற்றமன்று. எந்த ஆற்றுக் கல், யார் செதுக்கியது, உருவம் யாருடையது என்று கேட்டு வாங்குவதும், கேட்டவருக்கு அதைச் சொல்வதும் அணிபவரின் கடமை. விற்பவருக்கு விடை தெரியாவிட்டால் வாங்காமல் திரும்புவதே முறை.

1984இல் மாவோரிக் கலைப்பொருள்களின் ‘தே மாவோரி’ கண்காட்சி நியூயார்க்குக்குப் புறப்படுமுன் இப்படிக் கேட்டுத்தான் நடந்தது. பொருள்கள் சட்டப்படி அருங்காட்சியகங்களின் உடைமை. இருந்தும் அவற்றை அனுப்பக் குலங்களிடம் சம்மதம் கேட்டார்கள். விடியற்காலையில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் கதவு திறந்தபோது, மாவோரி முதியவர்கள் மூதாதையரை அழைத்து ஓதியபடி முன்னே சென்றார்கள்.