யாருக்கு விசுவாசம்?

எங்களோடு குசினியில் நிற்கும் நாகர்கோவில் நண்பர் ஒருவரின் அக்கா, பதினொரு வருடங்களாக ஐக்கிய அரபு இராச்சியத்தில் தாதியாக வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்க முன்னர் தம்பியோடு தொலைபேசியில் கதைப்பார். பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கும் எங்களோடும் இரண்டு வார்த்தை கதைப்பார். அண்மையில் ஒரு படிவத்தைப் பற்றிச் சொன்னார். வைத்தியசாலை நிர்வாகம் வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் படிவம். 'இந்த நிறுவனத்தில் பணியாற்றுவதில் பெருமை கொள்கிறேன்', 'இங்குள்ள சூழலுக்கு என்னைப் பொருத்திக்கொண்டுவிட்டேன்', 'வேறிடத்தில் வேலை கிடைத்தாலும் இங்கேயே இருப்பேன்' என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை இலக்கங்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்று மேலே அச்சிட்டிருக்குமாம். ஆனால் வார்டு, வயது, நாடு, சேவைக்காலம் நான்கையும் எழுத வேண்டும்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக் குடுத்துட்டேன் தம்பி. நாலு போட்டா, ஏன் நாலுன்னு கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. முதல்நாள் இரவு அவருடைய வார்டில் பாரிசவாதத்தில் விழுந்த முதியவர் ஒருவர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. அன்று இரண்டாவது ஆள் இல்லை. அக்கா தனியாகவே விடியும்வரை புரட்டியிருக்கிறார். காலையில் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. "அதைப் பத்தி அந்தப் பாரத்துல ஒரு கேள்வியும் கிடையாது" என்றார்.

அந்த இல்லாத கேள்வியைப் பற்றித்தான் இங்கே யோசிக்க விரும்புகிறோம்.

நிர்வாகவியலில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. படிப்பை இடையில் விட்டுவந்த எங்களுக்கு அதில் பாண்டித்தியம் இல்லை. வாசித்து விளங்கியதைச் சொல்கிறோம். கனடாவைச் சேர்ந்த ஜோன் மேயர், நத்தலி அலன் என்ற இருவர் 1991இல் ஊழியரின் பற்றுதலை மூன்றாகப் பிரித்தார்கள். விருப்பத்தினால் இருப்பது ஒன்று. விட்டுப்போனால் இழப்பு அதிகம் என்பதால் இருப்பது இன்னொன்று. இருப்பதே கடமை என்று நினைத்து இருப்பது மூன்றாவது. நல்ல பிரிப்புத்தான். ஆனால் நிர்வாகத்தின் மேசைக்கு வரும்போது மூன்றும் ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன: 'விட்டுப் போகாதவர்'. விருப்பத்தோடு நிற்பவரும் கடனுக்காக நிற்பவரும் அங்கே ஒரே இலக்கம்.

கடன் என்று நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 2015இல் கொச்சியில் இந்திய மத்திய புலனாய்வுத்துறை ஒரு வழக்குப் பதிவு செய்தது. குவைத்துக்குத் தாதியரை அனுப்பிய ஒரு முகவர் நிலையம், தலைக்கு 19,500 ரூபா வாங்கவேண்டிய இடத்தில் 19 லட்சத்து 50 ஆயிரம் ரூபா வாங்கியது என்பது குற்றச்சாட்டு. அதே வருடம் இந்திய அரசு வளைகுடா உட்பட 18 நாடுகளுக்குத் தாதியரை அரச நிறுவனங்கள் ஊடாகவே சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நிலத்தை ஈடுவைத்து, நகையை விற்று, அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு ஒரு பெண் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வருடங்கள் அவர் எங்கும் போகமாட்டார். அந்த வைத்தியசாலையின் ஆய்வறிக்கை 'எமது தாதியரின் பற்றுதல் உயர்ந்த மட்டத்தில் உள்ளது' என்று சொல்லும். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

இதன் எல்லையை 2014இல் ஈராக்கில் பார்த்தோம். திக்ரித் நகரத்து அரச வைத்தியசாலையில் 46 இந்தியத் தாதியர், பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள், சண்டைக்குள் அகப்பட்டார்கள். நகரம் இஸ்லாமிய அரசு இயக்கத்தின் கையில் விழுந்த பிறகும் அவர்களில் பலர் உடனே வீடு திரும்பத் தயங்கினார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. காரணம், மாதக்கணக்கில் கிடைக்காத சம்பளமும் ஊரில் காத்திருந்த கடனும். பிறகு மோசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, ஜூலை 5ஆம் திகதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். குண்டு விழும் ஊரில் ஒரு பெண் கடனுக்கு அஞ்சி நிற்பதை எந்த அளவுகோலால் அளப்பது? ஐந்துக்கு எத்தனை போடுவது?

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. அந்த ஒக்ரோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் 15 வயதுப் பெண்ணொருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். ஈராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளைக் காப்புப் பெட்டிகளில் இருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டதைக் கண்டதாகச் சொன்னாள். உலகம் கலங்கியது. 1992இல்தான் அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதுவரின் மகள் என்பது வெளியே வந்தது. அந்தச் சாட்சியத்தை ஒழுங்கு செய்தது ஒரு விளம்பர நிறுவனம். போர் முடிந்து அங்கே சென்று விசாரித்தவர்களுக்கு அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று தெரியவந்தது. குறைமாதக் குழந்தைகள் சில இறந்தது உண்மை. தாதியரும் வைத்தியர்களும் வெளியேறிவிட்டார்கள். பார்க்க ஆளில்லாமல் இறந்தன.

இந்த இடத்தில்தான் எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. ஓடிப்போன தாதியர் யார்? குவைத்தில் தாதியரில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அம்மான் வழியாக விமானம் ஏற்றப்பட்டார்கள். எங்கள் நாட்டுப் பணிப்பெண்கள் பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லைக் கூடாரங்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஆட்சியாளர்களே முதல் நாளில் சவூதிக்குப் போய்விட்ட நாட்டில், அந்நாட்டின் குடியுரிமைக்கு என்றுமே உரித்தில்லாத ஒரு தாதி, யாரை நம்பி நிற்பது? அவரிடம் 'ஏன் நிற்கவில்லை' என்று கேட்க யாருக்கு வாய் உண்டு?

இல்லை என்றுதான் சொல்வோம். ஆயினும் அந்தக் குழந்தைகள் இறந்தன. குற்றம் இல்லை என்று சொல்லிவிடுவதால் பாரம் இறங்கிவிடுவதில்லை. இதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாமும் விட்டு வந்தவர்கள்தான். யாரையோ ஒருவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

நின்றவர்களையும் நமக்குத் தெரியும். 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிகாக்கும் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. நோயாளரும் ஊழியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஊழியர் மட்டும் 21 பேர். மறுநாள் காலை, தாதியரோடு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் சுட்டு வீழ்த்தப்பட்டார். நாங்கள் அப்போது பிறந்திருக்கவில்லை; பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். நகரமே வெறிச்சோடிக் கிடந்த நாட்களில் அந்தத் தாதியர் ஏன் வேலைக்குப் போனார்கள்? கொழும்பிலிருந்த சுகாதார அமைச்சின்மீது கொண்ட விசுவாசத்தினால் என்று யாராவது சொன்னால் ஊரில் கைகொட்டிச் சிரிப்பார்கள். கட்டில்களில் ஆட்கள் கிடந்தார்கள். அதனால் போனார்கள்.

ஆகவே இரண்டு விசுவாசங்கள் இருக்கின்றன. நோயாளிக்குக் கொடுப்பது ஒன்று. நிறுவனத்துக்குக் கொடுப்பது இன்னொன்று. தாதியர் விளக்கேற்றி எடுக்கும் நைற்றிங்கேல் உறுதிமொழி 1893இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அதில் வைத்தியருக்கு உண்மையாக உதவுவது பற்றி இருக்கிறது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் நலன் பற்றி இருக்கிறது. வைத்தியசாலையின் சொந்தக்காரர் அதில் இல்லவே இல்லை. சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் ஏற்றுக்கொண்டு காலத்துக்குக் காலம் திருத்திவரும் ஒழுக்கக்கோவையும், தாதியின் முதற்பொறுப்பைப் பராமரிப்புத் தேவைப்படும் மனிதருக்கே வைக்கிறது. நிறுவனம் செய்யும் சாமர்த்தியம் என்னவென்றால், முதலாவது விசுவாசத்தின் பலனை அறுவடை செய்துவிட்டு, அதை இரண்டாவதின் கணக்கில் எழுதிக்கொள்வது. அக்கா இரவில் முதியவரைப் புரட்டினார். குறைந்த ஆட்களோடு வார்டு நடந்துவிட்டது. நிர்வாகத்தின் ஏட்டில் அது 'செயல்திறன்'.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பஹ்ரேனில் 1903இல் ஆஸ்பத்திரி திறந்த அமெரிக்க அரேபிய மிஷனும், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கக் காரணமான ஆற்காடு மிஷனும் ஒரே திருச்சபையின் இரண்டு கைகள். 'இது தொழில் அல்ல, தெய்வ அழைப்பு' என்ற பேச்சு இரண்டு கரைகளிலும் கேட்டது. அந்த மிஷனரிகள் தாங்களும் அதே வெயிலில் கிடந்து, அதே காய்ச்சலில் செத்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அதே 'சேவை' என்ற சொல்லைப் பங்குச்சந்தையில் விலைபோகும் வைத்தியசாலைகள் பாவிக்கின்றன. அழைப்பு தெய்வத்திடமிருந்து, இலாபம் மட்டும் பங்குதாரருக்கு.

'பொருந்துதல்' என்ற சொல்லிலும் இதே குழப்பம் இருக்கிறது. அக்கா அரபு மொழியில் முதலில் கற்ற சொல் 'வஜா', வலி. எங்கே வலி, எவ்வளவு வலி என்று கேட்கக் கற்றார். பெண் நோயாளியின் அறைக்குள் போகுமுன் குரல்கொடுத்து, அவர் முகம் மூடும்வரை நிற்கக் கற்றார். நோன்பு மாதத்தில் மருந்து நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றக் கற்றார். இவை ஒரு மனிதரை நோக்கி எடுத்துவைத்த அடிகள். ஒரே வேலைக்குக் கடவுச்சீட்டைப் பார்த்து வெவ்வேறு சம்பளம் என்பதையும், ஆள் பற்றாக்குறையையும், கேள்வி கேட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற பயத்தையும் ஏற்றுக்கொள்வதற்கும் 'பொருந்துதல்' என்றே பெயர். முதலாவது பண்பாடு. இரண்டாவது பணிவு. படிவம் இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்கிறது.

தாதியருக்குக் கற்பிக்கும் போதனாசிரியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. வளைகுடா நாடுகள் தம் மக்களைத் தாதியராக்க முயல்கின்றன. ஓமான் 1990களில் மாகாணங்கள்தோறும் தாதியர் பயிற்சி நிறுவகங்களைத் திறந்தது; சிறுதொகையாக இருந்த ஓமானியத் தாதியர் பின்னர் அரச சேவையில் பாதிக்கு மேலானார்கள். அபுதாபியில் 2006இல் பாத்திமா சுகாதார விஞ்ஞானக் கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தகைய இடங்களில் கற்பித்தவர்களில் வெளிநாட்டவர் பலர். நன்றாகக் கற்பிக்கக் கற்பிக்கத் தம் இடத்துக்கு ஆள் தயாராகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாடு தன் பிள்ளைகளைத் தயார்படுத்துவதில் பிழையில்லை. ஆனால் அந்தப் போதனாசிரியருக்கு நிறுவனத்தின்மீதான பற்றுதல் மட்டும்தான் ஆதாரம் என்றால், அவர் பாதியைக் கற்பித்துப் பாதியை மறைத்திருப்பார். மறைத்தால் கெடுவது நிறுவனமல்ல. இன்னும் பத்து வருடம் கழித்து அந்த மாணவியின் கையில் வந்து விழும் நோயாளி. அந்த முகம் தெரியாத நோயாளிக்காகவே முழுவதையும் கற்பிக்கிறார்.

நிலைமை மாறவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், 2022 பெப்ரவரி முதல், ஊழியரின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைப்பதையும், ஆட்சேர்ப்புச் செலவை ஊழியர் தலையில் கட்டுவதையும் தடைசெய்கிறது. டுபாயின் அரச சுகாதார அமைப்பில் 15 வருடங்களுக்கு மேல் சேவைசெய்த தாதியருக்குத் தங்க விசா என்று 2025 மே 12ஆம் திகதி, சர்வதேசத் தாதியர் தினத்தில், அறிவித்தார்கள். முதலாளியின் தயவில்லாமல் அந்நாட்டில் இருக்கும் உரிமை அது. நல்லது. ஆனால் அதற்குப் பதினைந்து வருட இரவுகள் தேவைப்படுகின்றன என்பதையும் சேர்த்தே எண்ணுவோம்.

கோப்பை கழுவும் எங்களுக்கு இது விளங்கும். 'உன்னுடைய கடை என்று நினைத்து வேலைசெய்' என்று முதலாளி சொல்வார். மாதக் கடைசியில் அது எங்களுடைய கடையாக இருப்பதில்லை. ஆனாலும் அழுக்குக் கோப்பையைக் கழுவிய அடுக்கில் வைக்க மனம் வராது. யாரோ ஒருவர் அதில் சாப்பிடப் போகிறார். முதலாளி அதைத் தனக்குரிய விசுவாசம் என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நாம் குழம்பக்கூடாது. குழம்பினால் இரண்டு தவறுகள் நடக்கும். முதலாளிமேல் உள்ள கோபத்தைக் கோப்பையில் காட்டுவோம். அல்லது கோப்பையின்மேல் உள்ள கரிசனத்துக்காக முதலாளியின் அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வோம்.

அக்காவைப் போன்றவர்களை அளக்க விரும்புகிறவர்கள் முதலில் தங்களை அளக்கட்டும். ஓர் இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்? எத்தனை பேர் கடனோடு வந்தார்கள்? 'ஒன்று' என்று வட்டமிட்டுவிட்டு மறுநாளும் பயமில்லாமல் வேலைக்கு வரமுடியுமா? இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகு விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம். வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் வரும் தாதியர் பலர். நாளை நம் தாயின் கட்டிலருகே நிற்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அப்போது நாமும் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

அடுத்த ஞாயிறு அக்கா எடுத்தபோது, அந்த முதியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டோம்.

"புண் எதுவும் வரல தம்பி. நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். இடுப்பு வலி எப்படி என்று கேட்பதற்குள் கடையைத் திறக்கச் சொல்லி முதலாளி கூப்பிட்டுவிட்டார்.