காற்றின் ஒழுங்கும் கடவுளின் நோக்கமும்

நிலநடுக்கோட்டை ஒட்டி வெயிலில் சூடேறிய காற்று மேலெழுவதால் அங்கே தாழ்வழுத்தம் நிலவுகிறது. அந்தக் காற்று இருபுறமும் 30 பாகை அளவில் கீழிறங்கும் இடம் உயர் அழுத்த மண்டலம். 60 பாகை அருகே மீண்டும் தாழ்வழுத்தம். துருவங்களில் உயர் அழுத்தம். சூரியனின் நேர்க்கதிர் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே போய்வர, சில வாரம் பின்தங்கி இம்மண்டலங்களும் வடக்கும் தெற்குமாக நகர்கின்றன. கடலின் மேல் இந்த நகர்வு சிறியது. நிலம் விரைவாகச் சூடேறும் ஆசியாவிலோ, ஜூலையில் தாழ்வழுத்தம் கங்கைச் சமவெளிவரை ஏறிவிடுகிறது. அதை நோக்கிக் கடலிலிருந்து பாயும் காற்றுதான் தென்மேற்குப் பருவமழையைத் தருகிறது.

கோடிக்கணக்கானோரின் சோறு இந்த நகர்வை நம்பியிருக்கிறது. அப்படியானால் இது மனிதருக்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடா? ஆம் என்றே 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலர் கருதினர். ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம் 1713இல் வெளியிட்ட நூலில், காற்றும் மழையும் படைத்தவனின் பரிவுக்குச் சான்றுகளாயின.

மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் வேறு வழியில் சென்றார். பூமியின் சுழற்சியைக் கொண்டு பருவக்காற்றின் திசையை 1756இலேயே விளக்கியவர் அவர். கடவுளின் இருப்பைப் பற்றி 1763இல் எழுதிய நூலில், வெப்ப நாடுகளின் கரையைப் பகலில் குளிர்விக்கும் கடற்காற்றை எடுத்துக்கொள்கிறார். அதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மூச்சுக்கு உதவுகிற காற்றின் அதே இயல்புகளே கடற்காற்றையும் உண்டாக்குகின்றன. ஒரே இயல்பிலிருந்து இத்தனை பயன்கள் இசைந்து விளைவதே கடவுளை நோக்கிச் சிந்தனையைத் திருப்ப வேண்டும் என்பது அவர் வாதம். பயனுக்குப் பயன் தனித்தனியாக இறைவனின் கையைத் தேடுவதைவிட இது ஆழமான பக்தி.

ஆயினும் கடினமான கேள்வி எஞ்சுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ்வழுத்த மழை மண்டலத்தில் மேலெழுந்த காற்றுதான் வடக்கே இறங்கிச் சகாராவை வறளச் செய்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சாஹேல் பகுதி, மழை மண்டலம் கோடையில் வடக்கே ஏறிவரும் அந்தச் சில மாதங்களை நம்பி வாழ்கிறது. அது போதிய தூரம் ஏறாததால் 1970களிலும் 80களிலும் அங்கே பெரும் பஞ்சம் நேர்ந்தது. விதி பிறழவில்லை, மக்கள் மாண்டனர். வங்கத்து மழையைப் பரிவு என்று படிப்பவர், சாஹேலின் வறட்சியையும் அதே ஏட்டில் படித்தாக வேண்டும்.

1790இல் வெளிவந்த நூலில் காண்ட் இந்த முடிச்சைத் தொடுகிறார். வடதுருவ நாட்டினருக்குக் கடல் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து ஒதுக்குகிறது. அது அவர்களுக்காகவே என்று சொல்ல, மனிதர் அங்கே வாழ்ந்தே தீர வேண்டும் என்பதை முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்ட இயலாது. அறநெறிக்கு உட்பட்டவன் என்ற நிலையில் மட்டுமே மனிதனைப் படைப்பின் இறுதி நோக்கமாகக் கருதலாம் என்கிறார். அவனுடைய இன்பமும் வளமும், ஆகவே மழையும் விளைச்சலும், அந்த நோக்கத்துக்குச் சான்றாக நிற்பதில்லை.