பதினைந்தாம் தேதி

ஆவணி முடிகிறது. முதுகுளத்தூர்ப் பக்கம். மழை இன்னும் இல்லை.

கரிசல் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பின் மேல் காற்று போகிறது.

சமையல்கட்டில் கைப்பேசி அதிர்கிறது. அரிசிப் பானையின் மூடியும் சேர்ந்து அதிர்கிறது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒருத்தி எடுக்கிறாள். எழுத்து ஆங்கிலம். எண் தெரிகிறது. ஆயிரம்.

மூச்சு கொஞ்சம் இறங்குகிறது.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

“மதினி, வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

அவ்வளவுதான் பேச்சு.

*

மாதம் 1,000 ரூபாய். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் தொடக்கம். அண்ணா பிறந்த நாள், அண்ணா பிறந்த ஊர். முதல் மாதம் 1.06 கோடிப் பெண்கள்.

கோடியை மனம் பிடிக்கப் பார்க்கிறது. நழுவுகிறது.

ஒரு சமையல்கட்டு. ஒரு பானை மூடி. அது பிடிபடுகிறது.

*

பணம் வருமுன்பே திட்டம் வந்துவிடுகிறது.

பத்தாம் தேதி வாக்கில். குழாயடியில், குடம் நிறைகிற நேரத்தில். தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறுகிறது. அது முடிவதற்குள் ஒரு கணக்கு நடந்து முடிகிறது.

சிலிண்டர். குழு டியூ. மாமியாரின் முட்டிவலித் தைலம். பையனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

எதுவும் எழுதப்படுவதில்லை. விரல் கணுக்களில் இருக்கிறது. கட்டைவிரல் கணு கணுவாகத் தொட்டு நகர்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது. திரும்பி வருகிறது. மறுபடி முதலிலிருந்து.

குடம் வழிகிறது.

*

அரிசி இந்தக் கணக்கில் இல்லை. அது ரேஷன் கடையில் விலையில்லாமல் கிடைக்கிறது.

பஸ் காசும் இல்லை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஆயிரம் இந்த இரண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அரிசியும் பஸ்ஸும் வாங்க வேண்டிய ஆயிரம் வேறு ஆயிரம்.

*

மூன்றாவது வீட்டில் கைப்பேசி அதிரவில்லை.

தொகைக்கு நிபந்தனைகள் உண்டு. வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நன்செய் ஐந்து ஏக்கருக்கு மிகாமல், புன்செய் பத்துக்கு மிகாமல். மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் கூடாது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். முதல் சுற்றில் வந்த விண்ணப்பம் 1.63 கோடி. ஏறக்குறைய 57 லட்சம் நின்றுபோயின.

நின்றுபோன விண்ணப்பத்துக்கும் ஒரு திட்டம் இருந்தது. கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போயிருக்கிறது. பதில் இல்லை.

முற்றம் பெருக்கும் சத்தம். விளக்குமாறு ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பெருக்குகிறது.

*

வேப்பமரத்தடி. வங்கிக்காகப் பணம் எடுத்துத் தருகிறவர் சின்னக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். பெஞ்சு சுடுகிறது. வரிசையில் யாரும் பேசவில்லை.

விரல் கண்ணாடியில் படுகிறது. சிவப்பு வெளிச்சம். ஏற்கவில்லை.

கரிமூட்டம். மிளகாய்ப் பழம் ஆய்கிற வேலை. நூறு நாள் வேலையில் மண்வெட்டி. ரேகை தேய்ந்திருக்கிறது.

சேலையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி. ஆள்காட்டி விரல். இல்லை. நடுவிரல். ஏற்கிறது.

இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். பழைய தாள். மிளகாய் நெடி லேசாக அடிக்கிறது.

*

ஒரு தாள் வீடு வரை வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூல். கோயில் திண்ணையில் வட்டமாக உட்காருகிறார்கள். அட்டையில் ஒரு டிக். தாள் பைக்குள் போகிறது. மோட்டார் சைக்கிள் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறது. புழுதி அடங்கச் சற்று நேரம் ஆகிறது.

முதல் மாதம் சில வங்கிகள், கணக்கில் இருப்பு குறைவு என்று இந்தப் பணத்திலேயே பிடித்துக்கொண்டன. பிடிக்கக் கூடாது என்று அரசு சொன்னது. அந்த மாதத்துத் திட்டம் சாயங்காலத்துக்குள் முடிந்துபோயிருந்தது.

*

இன்னொரு தாள் நாலாக மடிகிறது. அஞ்சறைப் பெட்டியின் அடியில். மேலே கடுகு, சீரகம், வெந்தயம்.

புருஷன்காரன் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான்.

நாலாம் நாள் கேட்பான். பீடிக்கு ஐம்பது. அதற்கும் ஒரு கணு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

*

ஆட்டுக்குட்டி.

பல வீடுகளில் திட்டத்தின் கடைசியில் அது நிற்கிறது. ஒரு மாதக் காசில் வராது. நாலைந்து மாதமாவது சேர வேண்டும். சேர்கிறவரை எண்ணத்தில் மேய்கிறது. வெள்ளாடா, செம்மறியா. கருப்பா, செவலையா. அதெல்லாம் மாறுகிறது. பெட்டைக்குட்டி என்பது மட்டும் மாறவில்லை.

சேராத வீடு வாரத்துக்குப் பிடிக்கிறது. ஆடு இன்னொருவருடையது. மேய்ப்பு இந்த வீட்டுடையது. ஈனுகிற குட்டியில் பாதி.

மந்தை திரும்புகிறது. மணிச் சத்தம் முதலில். பிறகு வாசனை. பிறகுதான் ஆடு.

*

2011இலும் ஒரு செப்டம்பர் 15. அன்று அரசு ஆடாகவே கொடுக்கத் தொடங்கியது. நிலமில்லாத ஏழை வீட்டுக்கு நாலு. மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அன்றே.

அந்த மின்விசிறி இன்னும் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன முனகல்.

அப்போது திட்டம் கோட்டையில் முடிவாகி, பொருள் வீட்டுக்கு வந்தது. இப்போது திட்டம் போடுகிற வேலை வீட்டுக்கு வந்திருக்கிறது. இரவில், பாய் விரித்த பிறகு, அந்த வேலை நடக்கிறது. கண் மூடியிருக்கிறது. கட்டைவிரல் நகர்கிறது.

*

அப்பத்தாவுக்குத் தனியாக முதியோர் பணம். 1,200.

வெற்றிலை, பாக்கு. பேத்திக்குக் கொஞ்சம். மீதி சுருக்குப்பையில். அது எடுத்துப் போடுகிற நாளுக்கு. கோடித்துணி, கொட்டு, கட்டை.

“யாருக்கும் பாரமில்லாமப் போகணும்ல.”

சொல்லும்போது குரல் மாறவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற சத்தம். சுண்ணாம்பு தடவுகிற விரல். இந்தத் திட்டம்தான் ஊரிலேயே தெளிவானது.

*

சின்னவளுக்குத் தபால் ஆபீசில் செல்வமகள் கணக்கு. கணக்கு உயிரோடு இருக்க வருடத்துக்கு 250 போதும்.

மாதம் நூறு போட நினைப்பு. சில மாதம் நூறு போகிறது. சில மாதம் நினைப்பு மட்டும்.

பாஸ்புக் மஞ்சள் பையில். மஞ்சள் பை ஆணியில். சின்னவள் அதை எட்டிப் பார்க்கிறாள். எட்டவில்லை.

பெரியவள் பரமக்குடியில் காலேஜ். அரசுப் பள்ளியில் படித்தவள். அவள் கணக்கிலும் மாதம் ஆயிரம். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். அந்த ஆயிரத்துக்கு வீடு திட்டம் போடவில்லை. போட நினைத்தது. அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டது.

*

வேறு இடங்களிலும் இப்படிப் பணம் கொடுத்திருக்கிறார்கள். மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிப் பக்கத்து ஊர்களில், கைப்பேசியிலேயே பணம் வந்தது. பல வீடுகள் கூரையை மாற்றின. புல்லை இறக்கிவிட்டுத் தகரம்.

மத்தியப் பிரதேசத்து ஊர்கள் சிலவற்றில், 2011 வாக்கில், சேவா என்ற பெண்கள் அமைப்பு பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவருக்கு மாதம் 200, பிள்ளைக்கு 100. எந்த நிபந்தனையும் இல்லை.

குடித்துவிடுவார்களோ என்று தூரத்தில் இருப்பவர்கள் கேட்டார்கள். கென்யாவில் அதையும் அளந்து பார்த்தார்கள். குடிக்கும் புகையிலைக்கும் ஆகிற செலவு கூடவில்லை.

தகரத்தில் மழை விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வருகிறது. இங்கே ஓடு. இரண்டு ஓடுகளுக்கு நடுவில் வானம் தெரிகிறது. ஐப்பசிக்கு முன் மாற்ற வேண்டும். அதுவும் ஒரு கணுவில் இருக்கிறது.

*

திட்டம் உடைகிற இடங்கள்.

தெற்குத் தெருவில் சடங்கு. மொய் ஐந்நூறுக்குக் குறையாது.

பையனுக்குக் காய்ச்சல். பரமக்குடிக்கு ஆட்டோ.

மோட்டார் எரிகிறது. மாத்திரை அட்டை பாதியில் தீர்கிறது. செருப்பு அறுகிறது.

உடைந்ததும் ஆட்டுக்குட்டி ஒரு மாதம் தள்ளிப் போகிறது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குடம் இடுப்பு மாறுகிறது.

*

தாள் இல்லாத நாள்களும் இருக்கின்றன. இருபத்தைந்து முதல் பதினாலு வரை. அஞ்சறைப் பெட்டியின் அடியில் தகரம் மட்டும்.

கடைக்காரர் நோட்டைப் புரட்டுகிறார். பெயர் எழுதுகிறார். முன்பு எழுதத் தயங்குவார். இப்போது தேதியைக் கேட்கவில்லை. பதினைந்து என்று அவருக்கே தெரியும்.

வராத பணத்தின் மேலும் ஒரு கை வைத்து நிற்க முடிகிறது.

வெயில் படியில் ஏறுகிறது. ஒரு படி. இன்னொரு படி.

*

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டு. மத்தியானம்.

மருந்துச் சீட்டு ஒரு கையில். வாங்கியாயிற்று. பஸ் வர நேரம் இருக்கிறது.

பெட்டிக் கடையில் ஒரு பன்னீர் சோடா. இது எந்தக் கணுவிலும் இல்லை. பாட்டில் குளிர்ந்திருக்கிறது. உள்ளங்கை நனைகிறது. நின்றபடியே குடிக்கிறாள். மூக்கில் ஏறுகிறது. கண் கலங்குகிறது. சிரிப்பு மாதிரி ஏதோ.

வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை.

பஸ் வருகிறது.

*

உரிமைத் தொகை விண்ணப்பத்தில் வருமானம் கேட்டார்கள். நிலம் கேட்டார்கள். வண்டி கேட்டார்கள். மின் இணைப்பு எண் கேட்டார்கள். கிடைக்கிற ஆயிரத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று மட்டும் கேட்கவில்லை.