நம்பப்படாதவரின் முறைப்பாடு

கொழும்பில் சில ஊர்ப்பெயர்கள் வசைச்சொற்களாகிவிட்டன. அவற்றுள் முதலாவது அங்கொடை. கொட்டாஞ்சேனைத் தெருவில் பந்தடிக்கும் சிறுவன் முதல் வெள்ளவத்தையில் புடைவைக் கடை வைத்திருக்கும் முதலாளி வரை, தமக்கு ஒவ்வாததைச் சொல்பவரை "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இந்த ஆள் சொல்வதை இனிக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்பதே அது. உளநோய்க்காக வாட்டில் அனுமதிக்கப்பட்ட மனிதருக்கு நேரக்கூடிய அநியாயங்கள் அனைத்துக்கும் இந்தத் தீர்ப்பே வாசலைத் திறந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்தில் இந்நாட்டின் மனநோயாளர் ஹெந்தலைத் தொழுநோய் வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருந்தார்கள். பின்னர் பொரளை, அதன்பின் கறுவாத்தோட்டம், 1920களில் அங்கொடை என்று அவர்களது இடம் மாறிக்கொண்டே வந்தது. கறுவாத்தோட்டம் செல்வந்தர் வாழும் பகுதியானபோது மனநோயாளர் நகருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கான கட்டளைச் சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. 1956 வரை அதில் திருத்தங்கள் செய்யப்பட்டன. ஒருவரை எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதில் அச்சட்டத்துக்கு இருந்த அக்கறை, உள்ளே போனவர் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதில் இருக்கவில்லை.

1937இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த எட்வேட் மபோதர் இலங்கைக்கு வந்து மனநோய் வைத்தியசாலைகளைப் பார்வையிட்டார். அங்கொடை அப்போது நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது. அவர் அறிக்கை எழுதினார். 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் மனநோயாளருக்கான வெளிநோயாளர் சிகிச்சை தொடங்கியது. பெரிய மனநோய் வைத்தியசாலைகளை மட்டும் நம்பியிராமல் மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவுகளை அமைப்பது என்று 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை சொன்னது. 2008இல் அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாயிற்று. இவையெல்லாம் முன்னேற்றங்கள்தாம். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்தச் சிகிச்சை நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டியவர் யார்?

வேறெந்த வாட்டிலும் இக்கேள்விக்கு விடை எளிது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் காயம் சீழ் பிடித்திருக்கிறது, மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லை என்று முறையிட்டால் காயத்தைப் பார்க்கிறோம். உளநோய் வாட்டில் ஒருவர் தன்னை அடித்தார்கள் என்று முறையிட்டால், நாம் பார்ப்பது அவரது மருந்துச் சிட்டையை. முறைப்பாடு நோயின் அறிகுறியாக மாறிவிடுகிறது. கோபப்பட்டால் நோய் முற்றிவிட்டது. மௌனமாக இருந்தால் தேறிவருகிறார். அழுதால் மருந்தைக் கூட்ட வேண்டும். தன்மேல் இழைக்கப்பட்ட தவறைச் சொல்ல அவருக்கு எந்த மொழியும் மிஞ்சுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசென்ஹான் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் புகழ்பெற்றது. நல்ல மனநிலையிலுள்ள எட்டுப் பேர், காதில் குரல் கேட்பதாக மட்டும் பொய் சொல்லி 12 வைத்தியசாலைகளில் அனுமதி பெற்றார்கள் என்றும், உள்ளே போனபின் இயல்பாக நடந்துகொண்டும் அவர்களை ஊழியர் எவரும் இனங்காணவில்லை என்றும் அவர் எழுதினார். அவர்கள் குறிப்பெடுத்ததுகூட நோயின் அடையாளமாகப் பதியப்பட்டதாம். 2019இல் சுசானா கஹலன் என்ற பத்திரிகையாளர் அந்த ஆய்வைத் துருவிப் பார்த்து, அதன் பல பகுதிகள் நம்பத்தகாதவை என்று ஒரு நூலே எழுதினார். இரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். வைத்தியசாலையைக் கேள்வி கேட்பவரும் கேள்விக்கு உட்பட்டவரே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வைத்தியசாலைக்குள் நடப்பதை உலகம் நம்புவதற்கு, நோயில்லாத எட்டுப் பேர் நோயாளராக நடிக்க வேண்டியிருந்தது. அதே கட்டில்களில் வருடக்கணக்காகக் கிடந்தவர்களின் வாக்குமூலம் போதுமானதாக இருக்கவில்லை.

எங்கள் அயலில் ஓர் இளைஞர் இருந்தார். நல்ல கெட்டிக்காரர். நோய் கண்டு ஓரிடத்தில் சில வாரங்கள் வைக்கப்பட்டிருந்து வீடு திரும்பினார். மணிக்கட்டுகள் இரண்டிலும் கறுத்த தழும்பு. இரவெல்லாம் கட்டிலோடு கட்டிவைத்தார்கள், சிறுநீர் கழிக்கக்கூட அவிழ்த்துவிடவில்லை என்று என்னிடம் நிதானமாகவே சொன்னார். அவரது உம்மா குறுக்கிட்டார். "அது அவன் பேசுறதில்ல நானா, வருத்தம் பேசுது." அந்தத் தாய் கல்நெஞ்சக்காரி அல்லர். மகன் சொல்வது உண்மையென்று ஒப்புக்கொண்டால், அடுத்த தடவை நோய் வரும்போது அவனை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி அவரைக் கொன்றுவிடும். நம்பாமல் இருப்பதே அவருக்கு இருந்த ஒரே ஆறுதல். தழும்புக்கு மட்டும் வருத்தம் இல்லை. அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

இந்த நம்பாமையின் கடைசி எல்லையை நாம் ஏர்வாடியில் கண்டோம். இலங்கை முஸ்லிம்களுக்கு ஏர்வாடி அந்நியமான ஊரல்ல. நேர்ச்சை வைத்துக் கடல் கடந்து போனவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அங்கே தனியார் மனநல காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். சங்கிலி பூட்டப்பட்ட மனிதர் நெருப்பிலிருந்து ஓட முடியாது என்பதை அறிய வைத்தியப் படிப்பு தேவையில்லை.

அந்தத் தீயைப் பற்றி நம்மவர் பேசியபோதெல்லாம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டதை நான் கவனித்திருக்கிறேன். ஸியாரத்துக்குப் போவது கூடுமா கூடாதா என்று இரு தரப்பும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கும். அந்த விவாதம் தேவையானதாக இருக்கலாம். ஆனால் அது சங்கிலி பற்றிய கேள்வியை விழுங்கிவிட்டது. சங்கிலியைப் பூட்டியவை மனிதக் கைகள். மாதாமாதம் பணம் அனுப்பியவர்கள் குடும்பத்தார். மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் இடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. சட்டம் இருந்தது, போய்ப் பார்ப்பவர் இருக்கவில்லை. தீக்குப் பிறகு சில நாட்களில் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017இல் வந்த புதிய சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்தது. 28 பேர் எரிந்த பிறகு கிடைத்த செவி அது.

நமது இலக்கியக் கூட்டங்களில் இஸ்லாமிய நாகரிகம் உலகுக்குத் தந்த மனநோய் வைத்தியசாலைகளைப் பற்றிப் பெருமையோடு பேசுவோம். திமஷ்கில் நூருத்தீன் 1154இல் நிறுவிய வைத்தியசாலை, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்ஸூரி வைத்தியசாலை என்று பட்டியல் நீளும். உண்மைதான். ஆனால் 1180களில் இவ்வூர்களுக்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் எழுதியதை முழுமையாக வாசிப்பவர் குறைவு. திமஷ்கு வைத்தியசாலையைப் புகழ்ந்த அதே கையால், அங்கே மனநோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் அவர் பதிந்திருக்கிறார். கெய்ரோவில் அவர் கண்ட வைத்தியசாலையிலும் அவர்களின் அறைகளுக்கு இரும்புக் கம்பிகள் இருந்தன. அதே இடத்தில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்: அவர்களின் நிலையை நாள்தோறும் விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள், சுல்தான் ஸலாஹுத்தீனே அதைப் பற்றிக் கேட்டறிந்து வந்தார். பெருமைப்பட வேண்டுமானால் கட்டடத்தை விட்டுவிட்டு, அந்த விசாரிப்பைப் பற்றிப் பெருமைப்படலாம். வைத்தியரையும் மருந்து விற்பவரையும் கண்காணிக்கும் பொறுப்பு முஹ்தஸிபுக்கு இருந்தது. சந்தையில் தராசைச் சோதித்தவரே வைத்தியத்தையும் சோதித்தார்.

மூவரிடமிருந்து பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்ற நபிமொழியை நாம் மதரஸாவிலேயே கற்றுக்கொண்டோம். சிறுவர், உறங்குபவர், புத்தி பேதலித்தவர் என்று அம்மூவர். புத்தி தெளியும் வரை அந்த மனிதரிடம் கேள்வி கணக்கு இல்லை. இதை அவர்மீது காட்டப்படும் சலுகையாக மட்டும் விளங்கிக்கொண்டோம். ஆனால் ஒரு வாட்டில் கட்டிலில் கிடப்பவரின் கணக்கு மூடப்பட்டிருக்கிறதென்றால், அங்கே நடப்பவை யாருடைய ஏட்டில் எழுதப்படுகின்றன? சாவியை வைத்திருப்பவரின் ஏட்டில். ஊசி ஏற்றுபவரின் ஏட்டில். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராத குடும்பத்தாரின் ஏட்டிலும்தான். இன்று பொறுப்புக்கூறல் என்று அழகாகச் சொல்லப்படுவதன் பழைய பெயர் கேள்வி கணக்கு.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள் என்று தினமும் சொல்லும் நோயாளியை எப்படி நம்புவது? நிரம்பி வழியும் வாட்டில் இரவு முழுவதும் நிற்கும் இரண்டு தாதியரும் ஒரு சிற்றூழியரும் அடிவாங்கிய கதையை யார் எழுதுவது? நியாயமான கேள்விகள். அவர்களது களைப்பும் அச்சமும் உண்மையானவை. ஆள் பற்றாக்குறைக்கு அவர்களைத் தண்டிப்பது இன்னோர் அநியாயம். என் பதில் இதுதான்: நம்புவது வேறு, விசாரிப்பது வேறு. நஞ்சைப் பற்றித் தவறாகச் சொல்பவர் அடியைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடும். விசாரித்தால் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து தாதியும் தப்புவார். ஒருவரைக் கட்டினால் யார் உத்தரவிட்டார், எத்தனை மணிக்குக் கட்டினார்கள், எப்போது அவிழ்த்தார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேடு இருவருக்குமே அரண்.

விசாரிப்பதற்கு மொழி வேண்டும். நெஞ்சு வலிக்கு மின்வரைபு இருக்கிறது, முறிந்த எலும்புக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனத்தின் வலிக்குச் சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த நாம் சிங்களத்தில் பேரம் பேசுவோம், பஸ்ஸில் சண்டை பிடிப்போம். புத்தி கலங்கும்போது வாயில் வருவது உம்மாவின் மொழி. தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரச கரும மொழியாயிற்று. தமிழ் தெரிந்த ஒருவரேனும் இல்லாத வாட்டில் ஒரு தமிழ் நோயாளியின் பேச்சு இரட்டிப்பாகப் புலம்பலாகிவிடுகிறது.

சட்டமும் பரிசோதகரும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. இங்கிலாந்தில் இரண்டும் இருந்தன. பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள் அடித்து வதைக்கப்பட்டதை 2011இல் பீ.பீ.சி. மறைகமராவில் படம்பிடித்துக் காட்டிய பிறகே நாடு விழித்தது. 11 ஊழியர்கள் குற்றவாளிகளானார்கள். அங்கே பணியாற்றிய தாதி ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார், கண்காணிப்பு ஆணைக்குழுவுக்கும் அறிவித்திருந்தார். எவரும் அசையவில்லை. உள்ளே பேசுபவர் நோயாளியானாலும் தாதியானாலும், கேட்பதற்கு வெளியே ஒருவர் விருப்பத்தோடு இருக்க வேண்டும்.

நம் நாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்பத் தெரிவு நெறிமுறையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. மனிதர் தம் விருப்பமின்றி வைக்கப்பட்டிருக்கும் எந்த இடத்தையும் பார்வையிடும் பணி அதன்படி மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் கொடுக்கப்பட்டது. உளநோய் வாட்டுகளும் இதில் அடங்கும். ஆணைக்குழு வருடத்தில் சில தடவை வரலாம். மற்ற நாட்களில் யார் வருவது?

நோயாளியைப் பார்க்கப் போவதை நாம் கடமையாகவே கொண்டிருக்கிறோம். பெரியாஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருந்தால் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் எடுத்துக்கொண்டு தெருவே திரண்டு போகும். அங்கொடைக்கு அந்தக் கூட்டம் போவதில்லை. அங்கே ஒருவர் இருப்பதைக் குடும்பம் மறைக்கிறது, அயலவரும் மரியாதைக்காகக் கேட்பதில்லை. அந்த மரியாதையின் விலையைக் கட்டிலில் கிடப்பவரே கொடுக்கிறார். பார்க்க வருபவர் இருக்கிறார் என்று தெரிந்த நோயாளியின் உடம்பில் கைவைக்க எவரும் ஒருமுறை யோசிப்பார். வருடக்கணக்காக யாரும் வராதவர்தான் முதலில் கைவிடப்படுவார்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜனாஸாப் பெட்டிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பொறுப்பாட்களை வைத்திருக்கின்றன. உளநோய் வாட்டுகளுக்கு மாதம் இருமுறை போய்வர இருவரை நியமித்தால் பெரிய செலவொன்றும் வராது. அவர்கள் உபதேசம் செய்யத் தேவையில்லை. முஸ்லிம் நோயாளியை மட்டும் தேடவும் வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரிடமும் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, இரவு தூங்கினீர்களா, யாராவது அடித்தார்களா என்று கேட்கட்டும். கிடைத்த பதிலைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். திரும்பும் வழியில் பொறுப்புத் தாதியிடம் கட்டிவைத்தவர்களின் பதிவேட்டைப் பற்றி மரியாதையாக விசாரிக்கட்டும். முதல் மாதம் சங்கடமாக இருக்கும். மூன்றாவது மாதம் அவர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பதிவேடு எழுதப்பட்டிருக்கும்.