மாலை கழற்றிய மறுநாள்



கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்கிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வருஷம் முழுக்கக் குடித்தவர். கழுத்தில் மாலை விழுந்த நாளிலிருந்து ஒரு மண்டலம், 48 நாள், கடைப் பக்கமே திரும்ப மாட்டார். விடியற்காலைக் குளியல், நெற்றி நிறைய விபூதி, பிள்ளைகளிடம் தணிந்த பேச்சு. வீட்டில் இருக்கிறவர்கள் மூச்சு விடுவார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், பொழுது சாய்ந்ததும், பழைய இடத்தில் நிற்பார். வைராக்கியம் இல்லாத மனுஷன் என்று ஊர் சொல்லும்.

எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. 48 நாள் தாங்கிய வைராக்கியம் ஒரே ராத்திரியில் எங்கே போய்விடும்? அந்த நாட்களில் அவருக்கு ஒரு குருசாமி இருந்தார். சாயங்காலமானால் பஜனைக்குப் போக ஓர் இடம் இருந்தது. அதே விரதத்தில் கூட நாலு பேர் இருந்தார்கள். எதிரே வந்தவரெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். மாலையோடு அத்தனையும் கழன்றுவிட்டது. அவர் தனி ஆளாகிவிட்டார்.

1935 மே மாதம், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்பவரும் இப்படித்தான் தனி ஆளாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம். வேலையாக வந்த காரியம் கெட்டுவிட்டது. தங்கியிருந்த ஓட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியாரைப் பிடித்து, இந்த ஊரில் என்னைப் போலக் குடியால் கஷ்டப்படுகிற ஒருவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். ‘கால் மணி நேரம் மட்டும்’ என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். வில்சன் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். ஒன்றைக் கவனியுங்கள்: டாக்டரைக் காப்பாற்றவா அவர் தேடிப் போனார்? அன்று ராத்திரி தான் குடிக்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் போனார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. இந்தியாவுக்கு 1957 இல் வந்தது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. பள்ளி வகுப்பறையிலோ, தேவாலயத்தை ஒட்டிய ஓர் அறையிலோ இருக்கும். இடம் யாருடையதானாலும் எந்த மதத்தாரும் போகலாம், சாமி கும்பிடாதவரும் போகலாம். கட்டணம் கிடையாது, செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், போட முடிந்தவர் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் நுழைவுச்சீட்டு.

உள்ளே போகத்தான் கால் கூசும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? கடை வாசலில் நிற்கக் கூசாத கால் இங்கே கூசுகிறது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. போனால், ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பார். பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியம், அடகு வைத்த வளையல், காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை. கேட்கிறவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்; குறுக்கே பேசவும் மாட்டார். புதிதாய் வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். அங்கே யாரும் ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று சபதம் போடச் சொல்வதில்லை. இன்று ஒருநாள் மட்டும், அவ்வளவுதான்.

ஒரு முக்கியமான விஷயம். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், பிறகு கூட்டம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை.

அடுப்படியில் வேலையோடு வேலையாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரே, உங்களுக்கும் இடம் உண்டு. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்திலும் குடும்பத்தாரையும் சேர்த்தே கவனிக்கிறார்கள். குடிப்பவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கூட்டத்துக்குப் போய்வந்தும் அவர் ஒருநாள் சறுக்கலாம். அந்த டாக்டரும் சறுக்கினார். வில்சனைச் சந்தித்துச் சில வாரங்களில், மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்தபோது வில்சன் ஊருக்குப் போய்விடவில்லை. டாக்டர் வீட்டிலேயே தங்கியிருந்தார். அந்த ஜூன் மாதம் குடித்ததுதான் டாக்டரின் கடைசிக் குடி. அதன்பின் 1950 இல் சாகும்வரை அவர் தொடவில்லை. அந்த வருஷங்களில் அவரைத் தேடி வந்த குடிநோயாளிகளின் படுக்கை அருகே உட்கார்ந்து, தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.