புறக்காழும் அகக்காழும்

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள். பாரிவாக்கத்தில் பனங்குருத்தைக் கீறிச் சிலுவை பின்னிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், "சாமி, பனை மரமில்லை, புல்லு என்கிறாரே எங்கள் தமிழ் ஐயா?" என்றான். சுற்றியிருந்தோர் சிரித்தனர். ஐயா சொன்னதில் பிழையில்லை. தொல்காப்பிய மரபியல் உயரத்தைப் பார்ப்பதில்லை; வயிரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே உடையது மரம். பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினம் என்பர் உரையாசிரியர். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே சேர்த்து வைக்கிறது.

அமைப்பைக் கொண்டு இனம் காண்பது பல துறைகளுக்கும் பொதுவான நெறி. வௌவாலின் சிறகிலும் கடற்பசுவின் துடுப்பிலும் மனிதனின் கையிலும் ஒரே எலும்பமைப்பு இருப்பதை 1849இல் ரிச்சர்டு ஓவன் விளக்கினார். 1856இல் கால்டுவெல் இலக்கண அமைப்பை ஆராய்ந்து திராவிட மொழிகளை ஒரு குடும்பம் என நாட்டினார். (அவர் நம் திருச்சபையினர் அல்லர், ஆயினும் தமிழுக்கு உற்றவர்.) வெளித்தோற்றம் பிரித்ததை உள்ளமைப்பு சேர்த்து வைத்தது.

மனிதரிடம் வரும்போதுதான் நம் கண் தடுமாறுகிறது. மரபியல் உயிர்களை அறிவால் வகுத்து, மக்களை ஆறறிவுடைய ஓரினமாக வைக்கிறது. அதே இயலிலேயே அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்ற பிரிவும் வருகிறது. அது இடைச்செருகல் என்பாரும் உளர். அவ்வழக்கில் நான் புகவில்லை. அங்கே சொல்லப்படும் அடையாளங்களை மட்டும் கவனியுங்கள்: நூல், கரகம், கொடி, குடை. எல்லாம் உடலின்மேல் வந்து சேர்ந்தவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனோ, அப்பிரிவுகளை உடலிலேயே தேடி மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்தார். அவரும் ரங்காச்சாரியும் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. இளங்குருவாக நான் பணியாற்றிய பங்கொன்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருந்தது. மனிதன் கடவுளின் சாயல் என்று குருமடத்தில் பக்கம் பக்கமாகத் தேர்வெழுதியவன், சுவரின் இருபுறமும் ஒரே செபத்தைச் சொல்லிவிட்டு வாய்மூடி வந்தேன். ஒரு மழைக்காலத்தில் சுவர் சரிந்தது. அதனடியில் பழைய எலும்புகள் வெளிப்பட்டன.

"இவை எந்தப் பக்கத்தவை?" என்று குழிவெட்டும் பெரியவரைக் கேட்டேன்.

"எலும்புல எழுதியா இருக்கு, சாமி? எந்தப் பக்கம் போடட்டும், நீங்களே சொல்லுங்க."

பங்குப்பேரவையினரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லி, மழையில் திரும்பி நடந்தேன்.